எல்லை தாண்டிப் போன வேன் டிரைவர்

பள்ளி வேன் ஆயாவுக்குக் குழந்தைகள் வைத்த பெயர் பூட்டு. எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். வண்டி நகர்ந்ததும் இன்னொருமுறை. வீட்டில் புருஷனோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த நாளில்கூட அது தப்பாது. கதவு ஓடிப்போயிடுமா ஆயாம்மா என்று வாண்டுகள் சீண்டும். நீ ஓடிப்போயிடுவியே என்பாள்.

அந்தப் பள்ளி வேன்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆயாவின் வீடு வழியில் இருந்தால் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் ஓரிரு குழந்தைகளை டிரைவரே கொண்டுபோய் விடுவார். பழைய டிரைவர் இருந்தவரை பல வருஷம் அப்படித்தான் ஓடியது. அவருக்குப் பின் வந்தவன் பக்கத்து மாநிலத்துக்காரன். வாய் நிறையச் சிரிப்பு, சட்டைப்பை நிறைய மிட்டாய். வந்த வேகத்தில் எல்லா அம்மாக்களுக்கும் அண்ணனாகிவிட்டான். பூட்டும் வழக்கம்போலத் தன் தெருமுனையில் இறங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் வண்டியில் மிஞ்சுவது தையல்காரியின் மகள் ஒருத்திதான். இரண்டாம் வகுப்பு.

ஒருநாள் அந்தப் பிள்ளை அவள் முந்தானையை விடவில்லை.

"நீங்க இறங்காதீங்க ஆயாம்மா."

ஏன் என்று கேட்டால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. பாப்பாவுக்குத் தூக்கம் என்று டிரைவர் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பூட்டு கதவை மறுபடி இழுத்துச் சாத்தினாள். இறங்கவில்லை. பிள்ளையோடு அதன் வீட்டுக்கே போனாள். தையல் மெஷின் பக்கத்தில் தாயும் அவளும் உட்கார்ந்து மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்தார்கள். பிள்ளை சொன்னது கொஞ்சம்தான், அதுவே போதும். தையல்காரி கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைக்கவே மறந்துபோனாள். பூட்டுதான் அதை வாங்கி மெஷின்மேல் வைத்தாள்.

பக்கத்து மாநிலத்தில் பூட்டின் தங்கச்சியும் வேன் ஆயாதான். அவளுக்குப் போன் போட்டு நடந்ததோடு டிரைவரின் பேரையும் ஊரையும் சொன்னாள்.

"அந்த நாயா? அக்கா, அவன் இதுக்குத்தான் இங்க ஜெயிலுக்குப் போயிட்டு வந்தான். ஊருக்கே தெரியும்."

அந்த ஊருக்கே தெரிந்தது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவில் இருப்பது ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவுதான். மாம்பழக் கூடையைக்கூட அங்கே திறந்து பார்ப்பார்கள்.

மறுநாள் பூட்டும் தையல்காரியும் பள்ளி மேனேஜர் முன்னால் போய் நின்றார்கள். பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றபடியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நம் மாநிலப் போலீசில் விசாரித்துத்தான் ஆளை எடுத்தோம், இங்கே அவன்மேல் ஒரு கேஸும் இல்லை, வெளியே தெரிந்தால் பள்ளியின் பேர் நாறிப்போகும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அன்று மாலையே டிரைவரைச் சத்தமில்லாமல் அனுப்பியும் விட்டார்.

"பிரச்சனை போயிடுச்சும்மா. விடுங்க."

எலியை அடுத்த வீட்டுக்குத் துரத்திவிட்ட நிம்மதி அவர் முகத்தில். தையல்காரி கொடுத்த புகாரைப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு, ஆள் எல்லை தாண்டிவிட்டான், பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வேறு ஊரில் இதேபோல் ஒருவன் பிடிபட்டபோதுதான் பேப்பர்கள் கத்தின. சட்டசபையில் மசோதா வந்தது. பிற மாநிலத்தில் குழந்தைகளைச் சீரழித்துத் தண்டனை வாங்கியவன் இங்கே வந்தால் போலீசிடம் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் இருக்கும் வேலைக்குப் போகக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் இங்கிருந்து வெளியே ஓடுகிறவனைப் பற்றி அடுத்த மாநிலத்துக்கு யார் சொல்வது? அதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

சட்டம் நிறைவேறியதும் எம்.எல்.ஏ.வுக்குப் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். இந்த விழிப்புணர்வு எங்கள் பள்ளியில்தான் பிறந்தது என்று மேனேஜர் மைக்கில் கூசாமல் முழங்கினார். பூங்கொத்துக் கொடுக்க ஆயாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனாள், கொத்தைக் கொடுக்கவில்லை.

"ஐயா, அவன் இப்ப வேற மாநிலத்துல வேன் ஓட்டுறான். பாட்டு கிளாசுக்குப் போற பிள்ளைங்க அதுல ஏறுது. எந்த ஊருன்னு என் தங்கச்சி விசாரிச்சுச் சொல்லிட்டா. குறிச்சுக்கறீங்களா?"

எம்.எல்.ஏ.வின் புன்னகை ஒரு இம்மிகூடக் கலையவில்லை. எழுதி ஆபீசில் கொடுக்கச் சொன்னார். அவருடைய உதவியாளர் சட்டைப்பையில் பேனாக்களை வரிசையாகச் செருகியிருந்தார். ஒன்றுகூட வெளியே வரவில்லை. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, வேலை வேணுமா வேண்டாமா என்று அவள் காதோரம் கேட்டார்.

கடைசி வரிசையிலிருந்து தையல்காரி எழுந்தாள்.

"என்கிட்ட சொல்லுங்கக்கா. இன்னிக்கே பஸ் ஏறி நானே அந்த ஊரு போலீசுக்குப் போறேன்."

"நீ தனியாவா போவ? இரு, வர்றேன்."

பூங்கொத்தை மேனேஜர் கையில் திணித்துவிட்டுப் பூட்டு மேடையிலிருந்து இறங்கினாள். படியிலேயே காறித் துப்ப வேண்டும்போல வந்தது. முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். விழுங்கிக்கொண்டாள்.