நசுங்கிய பூனை

பாதிப் படத்தில் எங்களை எழுப்பிக் கூட்டிப் போன அந்தக் கங்காணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் ஒரே பிள்ளை காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மனைவி கொழுந்து எடுக்கப் போவாள், வருவாள், சமைப்பாள். முகத்தில் சிரிப்பென்று ஒன்று கிடையாது. பதுளையில் கூடாரம் அடித்து பயாஸ்கோப் காட்டுகிறார்கள், அதில் கையால் வரைந்த பூனை ஒன்று விழுகிறது, நசுங்குகிறது, திரும்ப எழுந்து ஓடுகிறது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று கூட்டாளி ஒருவன் சொன்னான். அவளை ஒரே ஒரு தடவை சிரிக்க வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தனியாகப் போக விட்டால்தானே! ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலாட்டத்துக்குக் கங்காணி தன் ஆட்கள் அத்தனை பேரையும் வரிசையாக நடத்திப் போனார். அவர் பெஞ்சில், நாங்கள் தரையில். அவர் சிரித்தால்தான் மற்றவர்களும் சிரித்தார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டா இது என்று எனக்கு ஒரே எரிச்சல்.

பூனை மீனைத் திருடியது. ஓடிப் போய் வாளிக்குள் தலைகீழாக விழுந்தது. பக்கத்தில் பார்த்தேன். அவள் முந்தானை வாயருகே போயிருந்தது, உதடு லேசாக விரிந்தது. அந்த நேரம் பார்த்து ரோட்டு உருளை ஒன்று வந்து பூனையை அப்பளமாக்கியது. ஓட்டி வந்தவன் சேற்றில் குப்புற விழுந்தான். தொப்பி, சுருட்டு, அரைக்கால் சட்டை, எல்லாம் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாதிரியே.

கங்காணி விருட்டென்று எழுந்தார்.

"தொரைய கேலி பண்ணுறானுங்க! நாம பாத்துச் சிரிச்சோம்னு தொர காதுல விழுந்தா என்னா ஆகும்? எந்திரிங்க எல்லாரும்!"

வெறும் மைக்கோடு! அதற்குப் போய்ப் பயப்படுகிற மனுஷனிடம் என்ன பேசுவது? கங்காணி எழுந்தால் எழுந்தே பழகிய கால்கள் எல்லாம் எழுந்தன. என் கால்களும்தான், வெட்கக்கேடு.

நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்த பிறகுதான் அவள், "அது செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. எந்திரிச்சு ஓடியிருக்கும்."

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லையே.

அதற்குப் பிறகு அந்தக் கூடாரம் பதுளைக்கு வந்தபோதெல்லாம் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். ஒவ்வொரு தடவையும் பூனை எழுந்தது. ஒவ்வொரு தடவையும் வந்து அவளிடம் சொன்னேன். "சரிங்க" என்பாள். கூட வா என்றால் மட்டும் வரவே மாட்டாள்.