மூன்று முழத் திரி

சங்கிலிமுத்துவின் தம்பி கருப்பணனைக் கிணற்றிலிருந்து மண் அள்ளும் கூடையில் மேலே கொண்டுவந்தார்கள். ஒரு கூடை போதவில்லை, இரண்டு கூடை வேண்டியிருந்தது. சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் புஞ்சையில், 1955-ஆம் வருஷம் சித்திரையில் நடந்தது. மேலே நின்று வடம் இழுத்தவர் சங்கிலிமுத்துதான்.

அண்ணனும் தம்பியும் கிணற்று வெடிக்காரர்கள். பாறையில் குழி போட்டு, தோட்டாவைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்து எண்ணுவார்கள். எத்தனை தோட்டா வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிணற்று வாய்க்குக் குறுக்கே ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துப் போட்டுவிடுவார்கள். மறுநாள் விடிந்து அந்தக் கொப்பை எடுக்கும்வரை எவனும் உள்ளே இறங்கக் கூடாது. அன்று வைத்தது ஐந்து. ஐந்தும் வெடித்துவிட்டது என்று சொல்லித் தம்பியை இறக்கியவர் சங்கிலிமுத்து. அவர் எண்ணிய ஐந்தில் ஒன்று பக்கத்துப் புஞ்சைக் கிணற்றில் வெடித்த சத்தம்.

அதற்குப் பிறகு அவர் தோட்டாவைத் தொடவில்லை. ஊரிலும் இருக்கவில்லை. இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு மேற்கே நடந்து, மலையடிவாரத்தில் விறகு சுமந்து, கடைசியில் ரிசர்வ் காட்டில் வாச்சர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஓர் அருவி உண்டு. அருவி விழுந்து விழுந்து பாறையைக் குடைந்த ஆழமான கசம் ஒன்று அதன் காலடியில். பக்கத்தில் வௌவால் அடைந்த ஒரு குகை. ஏறுகிற வழியில் பாளையக்காரர் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது.

"என் கண்ணு முன்னால இன்னொரு ஆளு வெடியில சாகக் கூடாது சார். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்" என்று அவர் பின்னாளில் என்னிடம் சொன்னார். அதைத் தெரிந்துகொள்ளாமலேதான் நான் 1962-இல் அவர் எதிரே போய் நின்றேன்.

எங்கள் ஊரில் முதல் பி.ஏ. நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆடு மேய்த்த கையால் எழுதிப் பாஸ் செய்தேன். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற வேலை எனக்கு. முதலாளிகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லாருக்கும் நான் 'பி.ஏ.'தான்.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி ஒரு வாரம் மூடும். அந்த வாரத்தில் ஒருநாள் ஆட்கள் லாரி பிடித்து அருவிக்குப் போவார்கள். அந்த வருஷம் பதினெட்டுப் பேர் போனோம். தலைவர் போர்மேன் அய்யாதுரை. இருபது வருஷம் மருந்து கலந்தவர், ஒரு தீக்காயம்கூடப் படாதவர். அதை அவரே தினமும் சொல்லுவார்.

அடிவாரக் கேட்டில் சங்கிலிமுத்து கம்பைக் குறுக்கே நீட்டினார். இடது காது கேட்காததால் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசுவார்.

"வாங்க, வாங்க. பட்டாசு வச்சிருக்கீகளா? இங்கன வச்சிட்டுப் போங்க. திரும்பி வரையில தாரேன்."

"பட்டாசுக்காரன் பட்டாசு இல்லாமப் போனா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை இல்லாமப் போன மாதிரில்லா இருக்கும்" என்றார் அய்யாதுரை. ஆட்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க. ஆனா பையைத் தொறங்க."

அவர் பையைப் பிடித்து இழுத்தபோது நான் முன்னால் போய் நின்றேன். "எந்தச் செக்ஷன்படி பறிமுதல் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். இங்கிலீஷிலும் ஒரு தடவை கேட்டேன். அவர் பையை விட்டுவிட்டார்.

"எங்க பி.ஏ. கேட்டாருன்னா கலெக்டரே பதில் சொல்லணும்லே!" என்று என் முதுகில் தட்டினார் அய்யாதுரை. எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

சங்கிலிமுத்து எங்கள் பின்னாலேயே வந்தார். கோட்டைக்குள் நுழைந்ததும் அணுகுண்டுகளை மதில் இடுக்குகளில் செருகிக் கொளுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் செங்கல் பெயர்ந்து விழுந்தது. "வெள்ளைக்காரன் பீரங்கி வச்சுப் பாதிதான் உடைச்சானாம், மீதிய நாம முடிப்போம்" என்று ஒருவன் கத்தினான். குகைக்குள் ஒரு சரவெடியை எறிந்தார்கள். கறுப்புப் புகையோடு வௌவால்கள் கொட்டின. தரையில் துடித்தவற்றைக் கல்லால் நசுக்கினார்கள். ஒருவன் கையிலிருந்த கல்லைச் சங்கிலிமுத்து தட்டிவிட்டார். அவன் அவரை ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "எல்லாச் சரக்கும் தீந்திருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"தீந்திருச்சு தீந்திருச்சு. நீரு போயி மரத்தை எண்ணும்" என்றார்கள்.

தீரவில்லை. கசத்தங்கரையில் இலை போட்டபோது, அய்யாதுரை சோற்றுத் தூக்குவாளிக்குள் கையை விட்டு, புளியோதரைக்கு அடியிலிருந்து வாழைச்சருகில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பெருவிரல் தடிமனில் ஒரு தோட்டா. கிணறு வெட்டுகிற மச்சினனிடம் வாங்கினாராம். கசத்து மீனை மொத்தமாக மிதக்கவிட்டு, பொரித்துத் தின்பதென்று திட்டம். மூன்று முழம் திரியோடு, ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி, பற்றவைத்து எறிந்தார். எல்லாரும் ஓடி ஒளிந்தோம்.

சத்தம் இல்லை.

பட்டாசுத் திரி நாலைந்து நொடியில் எரிந்து முடியும். நாங்கள் அரை நிமிஷம் பார்த்தோம். அருவி நுரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நனைஞ்ச சரக்கு செத்த சரக்கு" என்று எழுந்தார் அய்யாதுரை. எங்கள் தொழிலில் அது வேதம். மழையில் நனைந்த லோடைக் கைக்குழந்தை பக்கத்தில்கூட வைக்கலாம். "எடுத்துக் காய வச்சு இன்னொரு தடவை போடுவோம்லே. என்ன பி.ஏ., தண்ணிக்குள்ள திரி எரியுமா?"

"காற்று இல்லாமல் நெருப்பு எப்படி எரியும்?" என்றேன். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து மெழுகுவத்தியை அணைத்துக் காட்டியிருந்தார்கள்.

அப்போதுதான் மேலே பாறையிலிருந்து குரல் வந்தது. சங்கிலிமுத்து தோட்டா விழுந்ததைப் பார்த்திருக்கிறார். பார்த்ததிலிருந்து பழைய பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இறங்கியிருக்கிறார்.

"அம்பது... யய்யா, எறங்காதீக! அது கிணத்துத் திரி! தண்ணிக்குள்ளயும் எரியும்! முழத்துக்கு அம்பது எண்ணணும்! எம்புட்டு விட்டீக?"

"மூணு முழம்" என்று யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

"அப்பம் நூத்தம்பது! வெளியே வாங்க!"

"ஏலே வாச்சரு, இருபது வருசமா மருந்துல குளிக்கேன். எனக்குத் திரி சொல்லிக் குடுக்கியா?" அய்யாதுரை வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீருக்குள் போய்விட்டார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கசம்.

சங்கிலிமுத்து ஓடிவந்த வேகத்திலேயே கம்பை இரண்டு கையாலும் சுழற்றி அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் அருவிச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்டது. அய்யாதுரை அலறிக்கொண்டு விழுந்தார். தலைமயிரைப் பிடித்து அவரைப் பாறை மறைவுக்குத் தரதரவென்று இழுத்துவந்து, அவர் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார் சங்கிலிமுத்து.

பிறகு நடந்ததை நான் ஒளிக்கப் போவதில்லை. பன்னிரண்டு பேர் அவரை மிதித்தார்கள். ஒருவன் அவர் கம்பையே எடுத்து அவர் முதுகில் அடித்தான். விலாவில் உதைத்தபோது பச்சைச் சுள்ளி ஒடிவது போலக் கேட்டது. கல்லால் தலையில் குத்தினார்கள், ரத்தம் வழிந்து கண்ணை மூடிற்று. அவர் திருப்பி அடிக்கவில்லை. அய்யாதுரையை விடவும் இல்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"நூத்திப் பத்து... நூத்திப் பதினொண்ணு..."

"ஏலே, என்னத்தலே எண்ணுதே!" என்று மறுபடி உதைத்தார்கள்.

"நூத்தி முப்பத்தியாறு... நூத்தி முப்பத்தியேழு..."

நூற்றைம்பது வரை அது காத்திருக்கவில்லை. காலடிப் பாறை தூக்கிப் போட்டது. கசம் முழுக்க எழுந்து நின்றது போலத் தண்ணீர் பனைமர உயரம் போய், கல்லும் சேறுமாக எங்கள் மேல் விழுந்தது. ஒருவன் தோளைக் கல் கிழித்தது. அதன் பிறகு அருவிச் சத்தம்கூட எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. அய்யாதுரை எட்டு வைக்க இருந்த இடத்தில் கிடந்த உரல் அளவுப் பாறை இரண்டாகப் பிளந்திருந்தது.

அவரை அடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

கொஞ்சம் கொஞ்சமாகக் காது திறந்தது. மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்து வந்தன. முழங்கை நீளத்தில் எல்லாம் இருந்தன. யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் தண்ணீரை நோக்கி நகர்ந்தான்.

சங்கிலிமுத்து கையை ஊன்றி எழுந்தார். எழும்போது வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. "எத்தனை போட்டீக?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்" என்றேன்.

"நானும் அன்னைக்கு அஞ்சுன்னுதான் சொன்னேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் ஒரு நாவல் கொப்பை ஒடித்தார். அந்த உயரத்தில் வேம்பு கிடையாது. கசத்துக்கு இறங்கும் வழியில் அதைக் குறுக்கே போட்டு, அதன் பின்னால் உட்கார்ந்தார். மீனுக்குக்கூட யாரும் அதைத் தாண்டவில்லை. பதினெட்டுப் பேர் கொண்டுவந்த எண்ணெய்ச் சட்டி அப்படியே லாரிக்குத் திரும்பியது.

அய்யாதுரையை வேட்டியில் தூளி கட்டித் தூக்கி இறக்கினோம். வலியில் வழியெல்லாம் சங்கிலிமுத்துவின் ஏழு தலைமுறையையும் திட்டினார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாள், வாச்சர் மேல் இங்கிலீஷில் ஒரு புகார் எழுதும்படி முதலாளி என்னிடம் சொன்னார். எழுதி எடுத்துப் போனேன். அய்யாதுரை கையெழுத்துப் போடவில்லை.

"என்ன எழுதியிருக்கீரு பி.ஏ.?"

"வாச்சர் உங்கள் காலை ஒடித்ததாக."

"பாறை பிளந்ததை எழுதுனீரா?"

"இல்லை."

"அப்பம் கிழிச்சுப் போடும்."

கிழித்தேன். தமிழில் வேறொன்று எழுதினேன். கேட்டில் செக்ஷன் கேட்டவன் நான் என்பதும், தண்ணீருக்குள் திரி எரியாது என்று சொன்னவன் நான் என்பதும் அதில் இருந்தன. ரேஞ்சர் விசாரணைக்கு வந்தபோது அதைத்தான் கொடுத்தேன்.

அந்த விசாரணையில் தெரிந்ததுதான் மிச்சக் கதை. நாங்கள் இறங்கிப் போன பிறகு, மூன்று விலா ஒடிந்த சங்கிலிமுத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அந்தக் கொப்புக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் ஒரு நீள மூங்கிலால் கசத்தின் அடியைத் தடவிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவையும் தடவியிருக்கிறார். அப்போதும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் கொப்பை எடுத்தாராம்.