கீழ்வீட்டுத் தட்டல்

சிட்னியில், எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டில் மகள் பாட்டுப் போட்டிருந்தாள். எங்கள் தரைக்கடியில் யாரோ டொக் டொக்கென்று தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எழுபதுகளிலும் நாங்கள் இந்த ஊரில்தான் இருந்தோம். பழைய சாமான் கடையில் வாங்கிய இசைத்தட்டை அப்பா ஞாயிறு தோறும் போடுவார். இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சிட்னி சுவிங் இசைக்குழு ஒன்றினுடையது. டிரம்பெட் தனித்து எழும்பும் இடம் வந்ததும் கீழ்வீட்டு மிஸஸ் டொரத்தி கூட்டும் தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பார். என் பள்ளிச் சீருடையைத் தைத்துத் தந்த வெள்ளைக்கார அன்ரி.

"இஞ்சாருங்கோ, குறையுங்கோ! மனுசி கொம்ப்ளெயின் பண்ணப்போகுது," என்று அம்மா பதறுவார். அப்பா உடனே குறைத்துவிடுவார்.

ஒருநாள் மன்னிப்புக் கேட்க, சுடச்சுட வடையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா கீழே போனார்.

"தாளத்துக்குத்தான் தட்டினேன்," என்றார் மிஸஸ் டொரத்தி. "நான் ஊதும் இடத்தில் மட்டும் ஏன் எப்போதும் சத்தத்தைக் குறைக்கிறீர்கள்?"

சுவரில் ஒரு படம். கோட் போட்ட ஆண்களுக்கு நடுவே, டிரம்பெட்டுடன் இளம்பெண்ணாக அவர். எங்கள் இசைத்தட்டின் உறையில் ஆண்களின் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. அப்பா வடைத்தட்டை நீட்டக்கூட மறந்து நின்றார்.

இப்போது, தட்டலைக் கேட்டு மகள் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினாள்.

"விடு பிள்ளை. என்னெண்டு கேட்டிட்டு வாறன்," என்று செருப்பை மாட்டினேன்.