தூணில் இருந்த ‘இல்லை’

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறவள் நான். இருபது வருஷமாக இதே வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் இருக்கிற தெருவின் கோடியில் எங்கள் கடை. புடவை எடுக்க வருகிறவர்கள் கையோடு பத்திரிகைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை பெயரில் ஒரு ‘ன்’ விட்டுப்போனாலும் என் தலைதான் உருளும் என்பதால், எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பதைக்கூடப் பிழை திருத்திக்கொண்டுதான் படிப்பேன்.

போன ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, ஏனாத்தூர் காலேஜில் படிக்கிற ஒரு பெண் பென்டிரைவோடு வந்தாள். ஓரிக்கைக்குப் போகிற வழியில் வயலை ஒட்டி ஒரு பழைய கல் மண்டபம் நிற்கிறது. அதன் தூண்களிலும் தரையிலும் ஜனங்கள் காலம் காலமாகக் கீறி வைத்திருப்பதையெல்லாம் படம் எடுத்திருந்தாள். படிப்புக்காக அதை ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டுமாம்.

சிற்பமா என்று கேட்டேன். “சிற்பம் இல்லக்கா. வந்தவங்க போனவங்க கிறுக்குனது. அதுவும் சரித்திரம்தான்” என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க இருவரும் படங்களைப் பக்கங்களில் ஒட்டினோம். எனக்குச் சாப்பாடு மறந்துபோனது. தரையில் ஒரு ஜோடிப் பாதத்தின் வடிவத்தை யாரோ சுற்றி வெட்டியிருந்தார்கள். விரல்கள் பத்தும் எண்ணி வைத்ததுபோல் இருந்தன. பெருமாளைப் பார்க்க நடந்து வந்த யாத்திரிகர் யாரோ, நான் இங்கே நின்றேன் என்று பதித்துவிட்டுப் போனது. அதன் பக்கத்தில் புள்ளியே வைக்காத பழைய எழுத்தில் ஒரு பெயர். ஆடுபுலி ஆட்டத்துக்கான முக்கோணம் ஒன்று, கோடுகள் வழவழவென்று தேய்ந்து. இரண்டு மீன். குதிரையா கழுதையா என்று சொல்ல முடியாத ஒன்று. அதன் மேல் தொப்பியோடு ஒருவன். வரைந்தவனுக்கு அந்தத் தொப்பிக்காரன் மேல் கோபம் இருந்திருக்க வேண்டும், மூக்கை அவ்வளவு நீளமாக இழுத்திருந்தான்.

கடைசிப் பக்கங்களுக்கு அவள் வைத்திருந்தது புதிய கிறுக்கல்கள். அதில் ஒரு படத்தைப் பெரிதாக்கியபோது என் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. தூணில் ஒரு இதயம், அதைத் துளைத்து ஒரு அம்பு. இதயத்துக்குள் ஒரு பெண்ணின் பெயர், ஊரில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் பெயர். மேலே ஆண் பெயர். அது என் வீட்டுக்காரர் பெயர்.

வேறு யாராவதாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அவர் பெயர் குலதெய்வத்தின் பெயரோடு தாத்தா பெயரையும் சேர்த்து முடைந்தது. முன்னால் இரண்டு இனிஷியல் வேறு. ரேஷன் கார்டில் அடங்காது, பாங்கிப் படிவத்தில் கட்டங்கள் போதாது. எங்கள் பத்திரிகையில்கூட அவர் பெயருக்காக எழுத்தைச் சின்னதாக்கினார்கள். தூணிலும் அதே கதைதான். ஒரு பக்கத்தில் இடம் போதாமல், கடைசி இரண்டு எழுத்து முனையில் திரும்பி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. இனிஷியலும் சரியாக இருந்தது.

இதயத்துக்குக் கீழே, வேறு கையால், நல்ல ஆழமாக ஒரே ஒரு வார்த்தை வெட்டியிருந்தது. ‘இல்லை.’

படம் கொண்டுவந்த மாணவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதரிடம் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு பிடியும் கிடைத்ததில்லை. சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருவார்.

சாயங்காலம் அவர் காபி குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டுப் போனை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். காது சிவந்தது.

“இல்ல, இது நான் இல்ல” என்றார்.

“அதேதாங்க கீழயும் எழுதியிருக்குது” என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவரை நான் சும்மா விடவில்லை. சாம்பார் எப்படி என்று கேட்டு, அவர் நல்லா இல்லை என்றால், இல்லை என்பதைக் கல்லில் வெட்டித் தரட்டுமா என்பேன். டிவியில் அந்தப் பெயருள்ள பெண் வந்தால் ஒலியைக் கூட்டுவேன். அவர் வாயே திறக்கவில்லை. அதனால் என் தொழிலைக் கையில் எடுத்தேன். கடையில் மிஞ்சிய மஞ்சள் அட்டை ஒன்றில் முறைப்படி ஒரு பத்திரிகை அடித்தேன். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி இரண்டு பெயரும் போட்டு, முகூர்த்தம் நடைபெறும் இடம் மேற்படி கல் மண்டபம், மூன்றாவது தூண் என்று எழுதினேன். கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் இந்நாள் மனைவி. மூலையில் குங்குமம் தடவி, அவருடைய சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டேன்.

கான்டீனில் டப்பாவை எடுத்தபோது பத்திரிகை கீழே விழுந்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் யார் வீட்டுக் கல்யாணம் என்று எடுத்து, மேஜைக்கே சத்தமாகப் படித்துவிட்டார். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அவருக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. பத்தாவது படிக்கும்போது செய்தது என்றார். அப்போது அவர்கள் குடும்பம் ஓரிக்கைப் பக்கம் இருந்தது. அந்தப் பெண் அவர் போகும் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவாளாம். ஒரு பெரிய ஆணியையும் கையில் அகப்பட்ட கல்லையும் வைத்துக்கொண்டு, பத்து நாள் சாயங்காலம் தட்டித் தட்டி வெட்டியிருக்கிறார். வெட்டி முடித்த மறுவாரம் போய்ப் பார்த்தால் கீழே அந்த வார்த்தை இருந்தது.

“அவளே வந்து பதில் எழுதிட்டா. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போவல. பஸ்ஸையும் மாத்திட்டேன்” என்றார்.

சொன்ன தினுசில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஐம்பதைத் தொடப் போகிற மனிதர், அந்த ஒரு வார்த்தையை இன்னும் மடித்து வைத்திருக்கிறார். படத்தைப் புத்தகத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணும் எங்கேயோ பிள்ளைகுட்டியோடு இருப்பாள் என்பதால், மாணவியிடம் சொல்லிப் படத்திலிருந்து பெயர்களை வெட்டினேன். அம்பின் வாலும் ‘இல்லை’யும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தோம். அப்படி வைத்ததில்தான் எல்லாரும் அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று பிற்பாடு அவள் சொன்னாள்.

வெட்டும்போதுதான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. ‘இல்லை’யில் இருந்த ‘லை’ இப்போது நாம் எழுதுகிற ‘லை’ இல்லை. யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்துப் போட்ட பழைய ‘லை’. என் வீட்டுக்காரர் வயசுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் புது எழுத்துதான் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடன் பஸ்ஸில் போன பெண் தும்பிக்கை போட்டு எழுதியிருக்க வழியில்லை. அவளுடைய அப்பா வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று யோசித்து, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன்.

அதற்குள் என் மாமியார் கையில் மஞ்சள் பத்திரிகை அகப்பட்டுவிட்டது. சாப்பாட்டுப் பையைத் துவைக்கப் போட்டது நான்தான். உள்ளே பார்க்காமல் போட்டது என் புத்தி. அத்தைக்கு எழுபத்தைந்து வயசு இருக்கும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு வீட்டில் எங்களைவிட நன்றாகப் பார்ப்பவர் அவர்தான். கொல்லையில் நின்று பத்திரிகையை முழுக்கப் படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மண்டபம் இன்னும் இருக்குதா என்று கேட்டார். இருக்குது அத்தை என்றேன். புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி வரப்பில் நடந்தோம். மண்டபத்தில் இரண்டு ஆடும் அவற்றை மேய்த்த அம்மாளும் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். அத்தை யாரையும் கேட்கவில்லை. நேராக மூன்றாவது தூணுக்குப் போனார். பிள்ளையின் பெயரைத் தடவிப் பார்த்து, முனையில் திரும்பிப் போன எழுத்தையும் தொட்டார். பிறகு கீழே குனிந்து ‘இல்லை’யின் தும்பிக்கைக்குள் விரலை விட்டார்.

“நான்தாம்மா” என்றார்.

அவர் படியில் உட்கார்ந்து, ஆடு மேய்த்த அம்மாளுக்கும் சேர்த்தே சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்களாம். அவர் வாசலில் வந்து நின்று, நாளைக்குள் அதை அழிக்காவிட்டால் ஹெட்மாஸ்டரிடம் போவேன் என்று கத்தியிருக்கிறார். மாமனார் அப்போது வேலைக்குப் போயிருந்தார். அவர் காதுக்குப் போயிருந்தால் பையன் பரீட்சை எழுதக் கை இருந்திருக்காது. அதனால் அத்தை யாரிடமும் மூச்சு விடாமல், அன்று தெருவில் அம்மி கொத்த வந்தவரிடம் உளியும் சுத்தியும் இரவல் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பியிருக்கிறார்.

“அர நாளு தட்டினேன். ஒரு எழுத்து போவல. படிக்கிறதுல இல்லாத அக்கறைய இதுல காட்டியிருக்கான் இந்தப் பையன். கையெல்லாம் கொப்புளம். அப்புறம் உக்காந்து யோசிச்சேன். அழிக்கத்தான முடியல, எழுதலாமில்ல?”

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இது போதும்மா என்று போய்விட்டாராம். ஆடு மேய்த்த அம்மாள் எழுந்து வந்து அந்த எழுத்தைத் தானும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

நான் மெல்ல அத்தையிடம் சொன்னேன். உங்கள் பிள்ளை அதை அந்தப் பெண் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், இன்றுவரை. அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனிடம் சொல்லிவிடாதே என்றார். ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா இப்பப் போயித் தேடுவான்.”

ஒரு வாரம் அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சாதாரணமில்லை. அவர் சாதாரணமாக ‘இல்லை’ என்று சொன்னால்கூட நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டோம். மளிகைச் சீட்டில் அத்தை ‘கடலை’ என்று எழுதியிருந்த தும்பிக்கையைப் பார்த்து நான் அடுப்படிக்குள் ஓடியதும் உண்டு. இருபது வருஷமாக அந்தச் சீட்டைப் படித்துக் கடைக்குப் போகிறேன். எழுத்து பார்க்கிறவள் என்று எனக்குப் பெருமை வேறு. ஆனால் அந்தப் பழைய கதையைச் சொன்ன சாயங்காலம் அவர் முகத்தில் பார்த்தது என் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. கேலி செய்யலாம், பொய்யான ஒன்றை அவர் நம்பிக்கொண்டிருக்கும்போது செய்வது அழகில்லை என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன்.

அவர் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார். பிசைவது நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அத்தை மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அப்ப அவ ஒண்ணும் சொல்லலையாம்மா?”

அத்தை சொம்பைக் கீழே வைத்தார். “சொல்லுச்சாம். அவங்க அப்பா கேட்டாராம். யாருன்னே தெரியாதுன்னுச்சாம்.”

“யாருன்னே தெரியாதா? மூணு வருசம் ஒரே பஸ்ஸுல போனேன்.”

“பஸ்ஸுல நூறு பேரு போவாங்கடா.”

மறுக்கப்பட்டவன் என்று முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்தவருக்கு, அந்தப் பெண் மறுக்கக்கூட இல்லை, ஆளையே கவனிக்கவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வருமா, இன்னும் வலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்கும். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து நான் எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்ததில் புரையேறி, அத்தை தலையில் தட்டினார்.

அடுத்த வாரம் அவரே அம்மாவை வண்டியில் உட்காரவைத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டே படியேறினார்கள். யாருடைய எழுத்து நேராக இருக்கிறது என்பதுதான் வழக்கு. அத்தை தன்னுடையதுதான் என்றார். உளி இருந்தால் யார் வேண்டுமானாலும் வெட்டலாம், நான் வெட்டினது ஆணியில் என்றார் அவர். வருஷம் முழுக்க எழுத்து பார்க்கிறவள் நீதானே, நீ சொல் என்று இரண்டு பேரும் என்னிடம் வந்து நின்றார்கள். அவர் போனில் எடுத்து வந்திருந்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அத்தையின் பக்கம் தீர்ப்புச் சொன்னேன்.