உப்புத் தண்ணீர் குடித்த பூட்டு

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். மறுபடி நடக்கிறார், மறுபடி திரும்புகிறார். ஊரே இவரிடம்தான் சாவி செய்துகொள்கிறது. இவருக்கு மட்டும் தன் பூட்டின் மேல் நம்பிக்கை இல்லை. கடைத்தெருவில் சாவிக்காரர் என்றால் இவர் ஒருவர்தான். மனிதர்களின் முகம் மறந்துபோகும். சாவியைக் காட்டினால் போதும், எந்த வீடு, எந்தக் கதவு என்று சொல்லிவிடுவார்.

கடை, ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் வெளியே நிற்க வேண்டிய பெட்டி. சாவி வெட்டும் இயந்திரம், நாலைந்து அரம், சுவர் நிறைய வெட்டாத சாவிகள். பெயர்ப்பலகை கிடையாது. "எல்லாருக்கும் தெரிஞ்ச கடைக்குப் பலகை எதுக்கு?" என்பார். பூட்டில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் அரத்தையே தொடுவார். பூட்டு கொண்டுவருகிறவர்களுக்கு வசவு நிச்சயம். "எண்ணெய் போட்டு எத்தனை வருஷமாச்சு? உங்களுக்கு மட்டும் மூணு வேளை சோறு, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடையாதா?"

நோய் பரவிக் கடைகளை மூடச் சொன்னபோது, சின்னக் கடைக்காரர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. மறு உத்தரவு வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது. திறந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வந்த பணம் கடை வாடகைக்கும் மனைவியின் இளைப்பு மருந்துக்கும் போய்விட்டது. கட்டச் சொன்னால் விற்பதற்கு அந்த இயந்திரம் ஒன்றுதான் மிச்சம்.

திறந்துவிட்டார். ஒரே ஒரு தடவை. அடுப்பில் பாலும் தொட்டிலில் பிள்ளையும் உள்ளே இருக்க, கதவு சாத்திக்கொண்டது என்று பக்கத்துத் தெருப் பெண் அழுதுகொண்டு ஓடி வந்தாள். பூட்டுத் திறக்கும் கம்பிகளெல்லாம் கடையில். ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, குனிந்து நுழைந்து, கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத்தான் தூக்கம் போயிற்று. மறுபடி கடைப்பக்கம் போக நேரக் கூடாதென்று அந்தக் கம்பியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"யாரோ பாத்துட்டாங்க. எதிர் மாடியில திரை ஆடிச்சு."

"காத்துக்கு ஆடியிருக்குங்க" என்றாள் மனைவி.

"காத்தா? அன்னிக்கு இலைகூட அசையல."

அதன்பின் கதவை யார் தட்டினாலும் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். மனைவிதான் மூச்சு வாங்க எழுந்து போய்ப் பார்ப்பாள்.

அதிகாரிகள் கடை கடையாகப் பார்த்து வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. தன் கடை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரப் போனார். வரிசையில் எல்லாப் பூட்டும் துருவேறிக் கிடக்க, இவருடையது மட்டும் எண்ணெய் மினுமினுப்போடு தொங்கியது. வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்தார்.

"கிண்ணத்துல எதுக்குங்க உப்பு?"

"நீ பேசாம இரு. பளபளன்னு இருந்தா தினமும் திறக்கிறான்னுதானே நினைப்பாங்க?"

விடிவதற்கு முன்னால் போய் உப்புத் தண்ணீரைப் பூட்டில் ஊற்றிவிட்டு வருவார். ஒரு சொட்டு எண்ணெய்க்காக ஊரையே திட்டிய மனிதர், ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் அதிகாரி வந்து, இவரைக் கடைக்கு வரவழைத்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பூட்டை அவர் பார்க்கவே இல்லை.

"திறங்க. நெஜமாவே தொழில் நடந்த கடைதானான்னு பாக்கணும். கடையே இல்லாம காசு வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்க."

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை. அழுத்தித் திருப்பினார். பாதி பூட்டுக்குள் நின்றுவிட்டது, பாதி கையோடு வந்தது.

"இது உங்க கடைதானே?"

"என் கடைதாங்கய்யா. சத்தியமா என் கடைதான்."

இரண்டு பக்கமும் மூடிய கடைகள். சாட்சி சொல்ல ஆளில்லை. எதிர் மாடித் திரையை ஏக்கத்தோடு அண்ணாந்து பார்த்தார். அது ஆடவில்லை.

சட்டைப்பையில் கம்பி இருந்தது. உடைந்த சாவித்துண்டை இழுத்துப்போடவும் துருப்பிடித்த பூட்டைத் திறக்கவும் அது ஒன்று போதும். ஆனால் கம்பியை விட்டுப் பூட்டைத் திறக்கிறவனைப் பார்த்து, இது இவன் கடைதான் என்று எந்த அதிகாரி எழுதுவார்? கை சட்டைப்பை வரைக்கும் போய், கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். சாவிக்காரர் ஷட்டர் பக்கம் திரும்பி, உள்ளே யாரோ இருந்து திறந்துவிடப் போவதுபோல, தன் கடையைத் தானே மெல்லத் தட்டினார்.