பூஜ்யம் என்று எழுதப்பட்ட சம்பளம்

மாளவிகாவுக்கு வேலையில்லை என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில், வாட்ஸாப்பில் வந்து சேர்ந்தது.

அனுப்பியவன் அவள் கணவன் வெங்கிடேஷ். நியூஜெர்சியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறவன். வந்தது அந்த ஊர் வருமானவரிப் படிவம், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து தாக்கல் செய்வது. மனைவியின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கூடவே இருந்த சுருக்கத் தாளில் அவளுடைய சம்பளம் பூஜ்யம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் பூசி, மறக்காமல் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள்.

மேற்படி இல்லத்தரசி பதினான்கு வருடமாக ஒரு பால் டெய்ரியின் பரிசோதனைக்கூடத்தில் கெமிஸ்ட். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், எல்லை தாண்டி வரும் டேங்கர் லாரிகளின் பாலைச் சோதித்து, தேறினால்தான் இறக்கவிடுவாள். பெண் பார்க்க வந்தபோது, "கல்யாணத்துக்கப்பறம் ஜோலியை விட்டுடுவியா?" என்று மாப்பிள்ளையின் அப்பா சுந்தரராமன் கேட்டார். "அவர் விடுவாரா?" என்று இவள் கேட்டாள். அப்புறமும் கல்யாணம் நடந்தது அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மை. அதற்குப் பிறகு அந்தப் பெருந்தன்மைக்கு அதிகம் வேலை வரவில்லை. அமெரிக்காவுக்கு ஒரே ஒரு முறை போய், மூன்று வாரம் பனியைப் பார்த்துவிட்டு, லீவு முடிந்தது என்று திரும்பி வந்துவிட்டாள்.

வரி விஷயம் சிக்கலானதல்ல. மனைவி வெளிநாட்டில் இருந்தாலும், அவளையும் அமெரிக்காவாசியாகப் பாவித்துச் சேர்த்துத் தாக்கல் செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. வரி நன்றாகக் குறையும். ஆனால் பாவனை என்று வந்துவிட்டால் முழுக்கப் பாவிக்க வேண்டும். அவளோடு அவளுடைய திருவனந்தபுரத்துச் சம்பளமும் அங்கே குடியேறிவிடும். வெங்கிடேஷின் நண்பன் சேஷன், சாஃப்ட்வேர்காரன், வரி சீசனில் சிநேகிதர்களுக்குப் படிவம் போட்டுக் கொடுப்பவன். அவன், மாளவிகாவைக் குடியேற்றிவிட்டுச் சம்பளத்தை ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிட்டான்.

அவள் ஸ்பீக்கரில் போன் செய்தாள். மாமனார் மாமியார் எதிரே இருந்ததால் மரியாதையாகவே ஆரம்பித்தாள்.

"நான் எப்போ ஜோலியை ராஜிவெச்சேன்? ஆர்கிட்ட சொன்னேள்?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி மாளு. இந்தியாவுல டிடிஎஸ் பிடிச்சாச்சு. பின்ன எதுக்கு இங்க காட்டணும்? சேஷன் எல்லாருக்கும் இப்படித்தான் போடறான்."

"எல்லாரும் கையெழுத்துப் போடறாளா?"

"போடறா."

"அவாளுக்கெல்லாம் ஜோலி இருக்காது."

சுந்தரராமன் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஆட்சேபம் எழுதிப் பென்ஷன் வாங்கியவர். ஒரு பஞ்சாயத்துச் செயலரின் இரவு உணவுச் செலவில் பத்து ரூபாய் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்த கதையை வீட்டில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அவன் சொல்றதுல தெற்றொண்ணும் இல்லை மாளு. சின்னத் தொகை. கண்டுக்க வேண்டாம்."

"அப்பா, நீங்கோ ஆடிட்டுக்குப் போன இடத்துல இப்படி ஒரு பேப்பர் கண்டா என்ன பண்ணியிருப்பேள்?"

"அது கவர்மெண்ட் பணமாக்கும்."

"இதும் கவர்மெண்ட்டுதான். வேற கவர்மெண்ட்."

அவர் அன்றைய செய்திப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். படித்து முடித்த பேப்பர்.

மாமியார் லலிதாம்பாள் தோசைக்கல்லிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "இந்தாத்துல இல்லத்தரசி நானாக்கும். என் பட்டத்தை எதுக்கு அவளுக்குக் குடுத்தான்?"

மாளவிகா போனோடு மாடிக்குப் போனாள். அங்கே மரியாதைக்கு அவசியமில்லை.

"வெங்கி, கேளு. எங்க லேபுல டேங்கர் பால்ல யூரியா கலந்திருக்கான்னு பாக்கறோம். இல்லேன்னா 'இல்லை'ன்னு எழுதுவோம். ஆனா டெஸ்ட் பண்ணாம 'இல்லை'ன்னு எழுதினா, அன்னிக்கே சஸ்பென்ஷன். கட்டத்தை வெறுமனே விட்டாக்கூட மன்னிப்பா, பூஜ்யம் போட்டா மன்னிக்க மாட்டா. நீ என்னை டெஸ்ட் பண்ணினியா? என் சம்பளம் என்னன்னு கேட்டியா?"

"எனக்குத் தெரியாதா என்ன?"

"சொல்லு பாப்போம்."

 அவன் ஒரு தொகை சொன்னான். கல்யாணப் பேச்சின்போது தரகர் சொன்ன தொகை அது. நடுவில் இரண்டு ஊதிய உயர்வு ஒப்பந்தம் வந்திருந்தது, பதவி உயர்வும். வீட்டுக் கரண்ட் பில்லிலிருந்து மாமனாரின் கண் ஆபரேஷன் வரை அதில்தான் நடந்திருந்தது. அவன் டாலரில் அனுப்பியதெல்லாம் பத்திரமாக டெபாசிட்டில் இருந்தது. ஆகவே அந்த வீட்டில் எல்லோருக்கும் அவன் சம்பளம் தெரியும், அவள் சம்பளத்தைச் செலவழிக்க மட்டும்தான் தெரியும்.

தொகை தப்பு என்று அவள் சொல்லவில்லை.  அவனுக்குத் தப்பென்று புரிய அதுவே போதுமானதாக இருந்தது.

"இப்ப என்ன செய்யணும்கறே? ரீஃபண்டை நம்பி இங்க வீட்டுக்கு அட்வான்ஸ் பறஞ்சு வெச்சிருக்கேன். கடைசித் தேதி வந்தாச்சு."

"ரெண்டு வழி இருக்கு. நீ தனியா ஃபைல் பண்ணு, நான் ஒண்ணும் சொல்லலை. இல்லேன்னா என்னையும் சேர்த்துக்கோ, சம்பளத்தோட சேர்த்துக்கோ. என்னை மட்டும் எடுத்துண்டு சம்பளத்தை விட்டுட்டுப் போறது நடக்காது. சத்தியம் பண்ணி எழுதற பேப்பர் அது. நாளைக்கு வரி ஆபீஸ்காரன் கேட்டா பதில் சொல்ல வேண்டியது நானுமாக்கும்."

"சேஷன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். கையெழுத்து என்னோடது."

தனியாகத் தாக்கல் செய்தால் எவ்வளவு நஷ்டம் என்று அவன் அன்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அவள் ஷிப்ட் முடிந்து பழவங்காடியில் பஸ் இறங்கும்போது, "ஃபார்ம் பதினாறு அனுப்பு" என்று செய்தி வந்தது.

ஆபீஸில் கொடுக்கும் அந்த வருடச் சம்பளச் சான்றிதழை அவள் அனுப்பவில்லை. அங்கேதான் சம்பளத்தைக் காட்டுகிறவர்கள்கூடச் செய்யும் தப்பு இருந்தது. இங்கே வருடம் ஏப்ரலில் பிறக்கிறது, அங்கே ஜனவரியில். இந்த ஊர்ப் படிவத்தை அப்படியே கொடுத்தால் மூன்று மாதம் முன்னால் காணாமல் போகும், மூன்று மாதம் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கூட்டினாள். ஓணத்துக்கு வந்த போனஸைச் சேர்த்தாள். பழைய பஞ்சப்படி பாக்கி அந்த வருடம்தான் கைக்கு வந்தது, ஆகவே அதுவும் ஏறியது. குறைக்க வழியிருந்த இடத்தில்கூட அவள் குறைக்கவில்லை என்பதைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சுந்தரராமன் கூட்டலை ஒரு முறை சரிபார்த்தார். தப்பு கிடைக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

சேஷன் சிரிக்கவில்லை. இந்தியாவில் கட்டின வரிக்கு அங்கே கழிவு உண்டு என்று இப்போதுதான் தேடிப் படித்தானாம். அது போக மிச்சம் ஒரு தொகை ஏறியது. ரீஃபண்ட் அந்த அளவுக்குக் குறைந்தது. வெங்கிடேஷ் வீட்டு அட்வான்ஸை ஒரு மாதம் தள்ளிப் போட்டான்.

புதுப் படிவம் வந்தபோது அவள் அதைத் திறக்காமல் அவனுக்கே போன் செய்தாள்.

"நீ படி. நான் கேக்கறேன்."

"அதுலதான் இருக்கே."

"படி."

அவன் படித்தான். மனைவியின் பெயர். தொழில், கெமிஸ்ட். சம்பளம் வந்தபோது முதலில் டாலரில் வாசித்தான், பிறகு தானாகவே ரூபாயிலும் சொன்னான், மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாக.

"இவ்வளவா மாளு?"

"இவ்வளவுதான்" என்றாள் அவள், பேனாவைத் தேடிக்கொண்டே. "அடுத்த பக்கம் போ. எங்க கையெழுத்துப் போடணும்?"