அப்பாவுக்கு யார் படம் போடுவது

வெள்ளிக்கிழமைகளில் அப்பாவுக்குப் படம் கொண்டுபோவது பல வருடங்கள் என்னுடைய உரிமையாக இருந்தது. உரிமை என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். கடமை என்று எழுதினால் நல்ல மகள் போலத் தெரிவேன். ஆனால் கடமையை யாராவது பறித்துக்கொண்டால் ஒருவருக்கும் வயிறு எரிவதில்லை.

அப்பா ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். எங்கள் வீடு அதே சுரங்க ரெயில் பாதையில் இரண்டு நிறுத்தம் தள்ளி. அம்மா இறந்த பிறகு எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன், வரவில்லை. தன் சமையல், தன் கட்டில், ஞாயிறு கோயிலில் தமிழ்ப் பூசை, வெள்ளிக்கிழமை ஒரு படம். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் அவருக்குப் போதும். என் தங்கை கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் நகருக்கு வெளியே ஸ்ட்ரோம்மனில் வீடு வாங்கிப் போய்விட்டாள். ஆகவே படம் என் கையில் இருந்தது.

அரிசியும் மீனும் வாங்கும் தமிழ்க் கடையின் பின்சுவர் முழுக்க அப்போது டிவிடிகள் அடுக்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் தாதி வேலை முடிந்ததும் நேரே அங்கே போவேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் கல்லாவின் கீழே கையை விடுவார். அப்பாவுக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பார்.

“அந்தப் புதுப்படத்தை எடாதை பிள்ளை. அது தியேட்டர் கொப்பி, ஆக்கள் எழும்பிப் போறதும் தெரியும். அடுத்த கிழமை நல்ல கொப்பி வரும். இண்டைக்கு அப்பாவுக்கு இதைக் கொண்டுபோய்க் குடு.”

அப்பா டிவிடித் தட்டை உறையிலிருந்து எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்ப்பார். சனிக்கிழமை தங்கை தொலைபேசி எடுத்து என்ன படம் என்று கேட்பாள். அவர் கதை முழுவதையும் அவளுக்குச் சொல்லி முடித்து, “அக்கா தேடி எடுத்துக்கொண்டு வந்தவ” என்பார். சமையலறையில் நிற்கும் எனக்கு அது கேட்கும். கேட்பதற்காகத்தான் சனிக்கிழமையும் போவேன்.

பிறகு ஒரு நாள் கடைக்குப் போனபோது அந்தச் சுவரில் ஒரு டிவிடியும் இல்லை. உறைந்த பரோட்டாவும் இடியப்பமும் நிரம்பிய பெரிய குளிர்பெட்டி ஒன்று அங்கே உறுமிக்கொண்டிருந்தது.

“ஒருத்தரும் எடுக்கிறதில்லை பிள்ளை. எல்லாரும் இன்ரநெற்றிலை நேரை பாக்கினம்” என்றார் கடைக்காரர்.

அன்று மீனை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் புது ரிமோட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் நீல வட்டத்துக்குள் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது. கீழே வரிசை வரிசையாகப் படங்கள். ஒன்றிலும் கீறல் இல்லை. எவரும் எழும்பிப் போகவில்லை.

“தங்கச்சியும் மருமகனும் வந்து இன்ரநெற்றிலை படம் பாக்கப் போட்டுத் தந்திட்டுப் போயிட்டினம். மாதக் காசும் அவள்தான் கட்டுறாள். சொற்பக் காசாம்.”

நல்லது என்றேன். மீனை வெட்டிக் கழுவி வைத்தேன். அன்றிரவே தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“சின்னச் சாமான் அக்கா. இதுக்கும் கூட்டம் வைக்கோணுமே?”

அவளுக்கு அது சின்னச் சாமான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பனியிலும் மழையிலும் கடை தேடிப்போய்ச் செய்ததை, அவள் சோபாவில் இருந்தபடி செய்து முடித்துவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தமிழ்ப் படங்கள் கூடுதலாக இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குச் சந்தா கட்டி அப்பாவின் தொலைக்காட்சியில் போட்டுக்கொடுத்தேன். தங்கை விளம்பரம் வரும் மலிவான சந்தா எடுத்திருந்தாள். நான் விளம்பரமே இல்லாததை எடுத்தேன். அப்பா இரண்டையும் பார்த்தார். எதில் எதைப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்: “இது ஆரின்ரை கணக்கிலை பாத்தனீங்கள் அப்பா?”

ஆரம்பத்தில் எல்லாமே மலிவு. டிவிடிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபின் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. உங்களுக்கு இன்னும் சிறந்த சேவை தருவதற்காக அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் கூடுகிறது. சில மாதம் போகும், பிறகு மறுபடியும் அதே வசனம், வேறு தொகை. என் கணவர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“உந்தக் காசுக்கு மாமாவைத் தியேட்டருக்கே கூட்டிக்கொண்டு போகலாம்.”

“அவள் நிப்பாட்டட்டும். பிறகு நான் நிப்பாட்டுறன்.”

“ஆர் அவள்?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவர் எழும்பிப் போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையில் நிற்கும்போது அப்பாவின் அழைப்பு வந்தது. “பிள்ளை, ரீவி என்னவோ எழுதிக் காட்டுது. நான் தங்கச்சியின்ரை வீட்டு ஆள் இல்லையாம்.”

மாலையில் போய்ப் பார்த்தேன். அந்தத் தொலைக்காட்சி கணக்கு வைத்திருப்பவரின் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. கணக்கை இனி ஒரு வீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். வெளியே ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். அந்த வசனத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். அத்தனை இனிப்பான நோர்வேஜிய வசனம் ஒன்றை அதற்கு முன் நான் வாசித்ததில்லை.

“காசாசை பிடிச்சவங்கள் அப்பா. கவலைப்படாதேங்கோ. என்ரை கணக்கு இருக்குத்தானே” என்று சொல்லி ஒரு படத்தைப் போட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது ரெயிலில் எனக்குப் பாட்டு வந்தது.

அடுத்த வெள்ளி குழம்போடு போனால் கதவு பூட்டிக் கிடந்தது. என்னிடமிருந்த திறப்பால் திறந்து பார்த்தால் உள்ளே அவர் இல்லை. பயந்துபோய்த் தொலைபேசி எடுத்தேன்.

“நான் ரெயினிலை பிள்ளை. ஸ்ட்ரோம்மனுக்குப் போறன். தங்கச்சி வீட்டை போய்ப் பாத்தால் அது வேலை செய்யுமாம்.”

அவரை வரச்சொல்லிக் கூப்பிட்டது தங்கை. இரவு தங்கி மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமை மாற்றுடுப்பு வைக்க ஒரு சின்னப் பை வாங்கிக்கொண்டார். நான் மேலும் ஒரு சந்தா எடுத்தேன், பிறகு இன்னொன்று. தமிழ்ப் படம் ஓடக்கூடிய அத்தனையும் அவருடைய வீட்டுச் சுவர்த் தொலைக்காட்சியில் இருந்தது. “பாக்கலாம் பிள்ளை, திங்கட்கிழமை பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் பையோடு போனார்.

ஒரு வெள்ளி, ஸ்ட்ரோம்மன் பேரங்காடியில் காலணி வாங்கப் போவதாகச் சொல்லிக் காரை எடுத்தேன். காலணிக் கடைப் பக்கமே போகவில்லை. தங்கை வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பிள்ளைகள் மேல்மாடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் படம் பாதியில் நிறுத்தப்பட்டுக் கிடந்தது. கதாநாயகன் வாயைத் திறந்தபடி நின்றான். சோபாவில் அப்பாவும் தங்கையும் ஒரே போர்வைக்குள் கால்களை விட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள்.

“பெஞ்சாதியைக் கேக்காமல் தம்பிக்கு வீட்டை எழுதிக் குடுக்கிறதோ? விசரன் அப்பா அவன்!”

“வாயை மூடடி. கூடப்பிறந்தவனுக்குக் குடுக்காமல் ஆருக்குக் குடுக்கிறது?”

“நீங்களெண்டால் குடுப்பீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ!”

அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அவரை விட்டே போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை, ஸ்ட்ரோம்மனுக்கு வந்திருக்கிறது.

தங்கை என்னைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டு எழும்பினாள். தேநீர் தந்தாள். படத்தின் மீதியை மூன்று பேரும் ஒரு பேச்சும் இல்லாமல் பார்த்தோம். நான் இருந்ததால்தான் பேச்சு இல்லை என்பது எனக்கு விளங்கியது. அப்பாவை அன்று நானே காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

“அதே படம் உங்கடை வீட்டிலையும் இருக்கெல்லோ அப்பா. நான் போட்டுத் தந்திருக்கிறன்.”

“இருக்கு.”

“பிறகேன் இவ்வளவு தூரம்?”

“நீ படத்தைப் போட்டிட்டு எழும்பிப் போயிடுவாய். மருந்துப் பெட்டியைப் பாப்பாய், குளிர்பெட்டியைத் துடைப்பாய். குறை சொல்லேல்லை, உன்னைப்போல ஆர் பாப்பினம்? அவள் ஒரு வேலையும் செய்யமாட்டாள். பக்கத்திலை இருந்து சண்டை பிடிப்பாள். இப்ப என்னோடை சண்டை பிடிக்க வேறை ஆர் இருக்கினம் சொல்லு.”

காரணம் தெரிந்தால் பொறாமை தணியும் என்பார்கள். எனக்குக் கூடியது. சந்தா என்றால் கூடக் கட்டி வாங்கலாம். இதை எங்கே வாங்குவது? முயன்றும் பார்த்தேன். அடுத்த திங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தில் ஒரு தகப்பன் மகளை வீட்டைவிட்டுத் துரத்தியதும், “அவர் செய்தது முழுப் பிழை!” என்று உரத்துச் சொன்னேன்.

அப்பா படத்தை நிறுத்திவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “என்ன பிள்ளை, வேலையிலை ஏதும் பிரச்சினையோ?”

சென்ற இலையுதிர் காலத்தில் எல்லாச் சந்தாவும் மறுபடி கூடியது. அந்தக் கிழமை தங்கை என்னைக் கூப்பிட்டாள். நான் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நான் ரீவிக் காசெல்லாத்தையும் நிப்பாட்டப்போறன். வீட்டுக் கடன் வட்டியும் ஏறிட்டுது. இவர் இனி ஏலாது எண்டிட்டார்.”

வென்றுவிட்டேன் என்பதுதான் எனக்கு வந்த முதல் நினைப்பு. “அப்பிடியோ” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்.”

“ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?”

“அப்பா இனி வரமாட்டார்தானே. உங்களுக்கென்ன அக்கா. ரெண்டு ஸ்ரொப்பிலை இருக்கிறீங்கள். வீட்டுத் திறப்பு உங்களிட்டை. காய்ச்சலெண்டாலும் உங்களுக்குத்தான் போன் அடிப்பார், டொக்டரிட்டைப் போனாலும் நீங்கள்தான். அந்த டிவிடி காலத்திலை ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘அக்கா, அக்கா’ எண்டு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சது. எனக்கு உந்த வெள்ளிக்கிழமை ஒண்டுதான் கிடைச்சது. உங்களை நினைக்க எனக்கு எப்பவும் எரியும். தெரியுமோ?”

தெரியாது. அத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. நான் உடுப்புக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்காக வருந்தியிருக்க வேண்டும். வருந்தினேன்தான், ஆனால் கொஞ்சம் பிந்தி. முதலில் வந்தது மகிழ்ச்சி. என் தங்கை என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்! தொலைபேசியை வைத்த பிறகும் அந்த வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

தொலைபேசியை வைக்குமுன் அந்த மகிழ்ச்சியில்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்: “அழாதை. என்ரை கணக்கை உன்ரை வீட்டுக்கு மாத்திவிடுறன். அப்பா வரட்டும்.”

என்னுடைய மற்றச் சந்தாக்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒன்றை மட்டும் அவளுடைய வீட்டுக்கு மாற்றினேன். தங்கை அதைப் பெருந்தன்மை என்று நினைத்துப் பல பேருக்குச் சொன்னாள். நான் திருத்தவில்லை. இனி அவள் வீட்டில் அப்பா பார்ப்பது என் காசில் ஓடும் படம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நிறுவனமும் இப்போது ஒரு வீட்டுக்குத்தான் தரும், ஆகவே எங்கள் வீட்டில் அது வேலை செய்யாது. என் கணவர் ஒரு மாலை ரிமோட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, “நாங்கள் இப்ப எங்கடை கணக்குக்கே வெளி ஆக்களோ?” என்று கேட்டார்.

குளிர்காலத்தில் ஒரு வெள்ளி எனக்கு விடுமுறை கிடைத்தது. அப்பா, “நீயும் வாவன்” என்றார். காரில்லாமல் ரெயிலில் போனோம். படம் முடிந்ததும் அவர்கள் இருவரும் வழக்கம்போலத் தொடங்கினார்கள். தங்கை என் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்கள் சொல்லுங்கோ, ஆர் சரி?” என்றாள்.

“அப்பா சொல்லுறதுதான் சரி” என்றேன்.

அப்பா முகத்தைச் சுளித்தார். “எனக்காகச் சொல்லாதை.”

சோபாவின் ஓரத்தில் அந்தப் பழைய எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை திரும்பும்போது ஸ்ட்ரோம்மன் நிலையத்தில் பனி கொட்டியது. அப்பா படத்தின் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்த படம். கடைசியில் அந்தப் பெண் திரும்பி வந்தது பிள்ளைக்காக என்றார்.

“பிள்ளைக்காக இல்லை அப்பா. அவளுக்குப் போக வேறை இடமில்லை.” யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“என்ன கதை கதைக்கிறாய்? தாயின்ரை வீடு இருந்ததெல்லோ?”

“அந்தத் தாயிட்டையோ? அந்தத் தாய் ஒரு வாய்ச் சோறு குடுத்தவவோ?”

“நீ படம் பாத்தனியோ, நித்திரை கொண்டனியோ?” அப்பாவின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்ற நோர்வேஜியப் பெண் ஒருத்தி கொஞ்சம் தள்ளி நின்றாள். நானும் குரலை உயர்த்தினேன். ரெயில் வந்து, கதவு திறந்து, கதவு மூடிப் போய்விட்டது. இருவரும் ஏறவில்லை.

ஞாயிறு மாலை தங்கை கூப்பிட்டாள். சாதாரணமாகப் பேசுவதுபோலத்தான் பேசினாள், ஆனால் அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமானது: ‘ஆரின்ரை கணக்கிலை’ என்று நான் கேட்ட அதே குரல்.

“ரெயினையும் விட்டிட்டு நிண்டு அப்பாவோடை என்ன கதைச்சனீங்கள்? கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு திரியிறாராம்.”

“ஒண்டுமில்லை” என்றேன். “சும்மா.”